ஸ்டோரேஜ் பெட்டி வந்து இறங்கும் முன்பே ஐபி கணக்கைப் போட்டு வையுங்கள்

புதிதாக ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லாரும் பகிரும் கோப்புகளைச் சேமிக்கும் சாதனம்) வரப்போகிறது என்றால் எத்தனை டெராபைட், எந்த ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை), எந்த கம்பெனி டிஸ்க் என்று அலுவலகத்தில் வாரக்கணக்கில் பேச்சு ஓடும். ஐபி முகவரி பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெட்டியைப் பிரித்து, ரேக்கில் மாட்டி, கேபிளும் செருகி, செட்டப் திரையில் ஐபி கேட்டு ஒரு கட்டம் வந்து நிற்கும்போதுதான் "192.168.1.50 காலியாத்தான் இருக்கும், போட்டுடுங்க" என்று ஒரு குரல் வரும். அப்படிப் போட்ட எண்ணைச் சில மாதம் கழித்து மாற்ற வேண்டி வந்தவர்களுக்குத்தான் அதிலுள்ள பாடு தெரியும்.

சாதாரண கம்ப்யூட்டர் ஒன்றின் ஐபி மாறினால் பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஸ்டோரேஜ் விஷயம் வேறு, அதன் முகவரியை மற்ற எல்லாரும் தங்களிடம் எழுதி வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் கணினிகளில் மேப் செய்த டிரைவ், எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் சர்வருக்குச் சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பு, பேக்கப் ஜாப், ஸ்கேன் செய்ததைப் ஃபோல்டரில் கொண்டுபோய்ப் போடும் ஜெராக்ஸ் மெஷின், சிசிடிவி ரெக்கார்டர், ஃபயர்வால் விதிகள் என்று அது எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலை. ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் இருந்தால் இன்னும் சிக்கல். என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை) டேட்டாஸ்டோரை, அதாவது விர்ச்சுவல் மெஷின்களின் கோப்புகள் இருக்கும் இடத்தை, அது சர்வர் முகவரியையும் ஃபோல்டர் பாதையையும் வைத்துத்தான் அடையாளம் காண்கிறது, அதனால் முகவரி மாறினால் அதே டிஸ்க்கும் அதே கோப்புகளும் இருந்தும் அதன் கணக்கில் அது வேறொரு டேட்டாஸ்டோர். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷின்களை நிறுத்தி மறுபடி பதிவு செய்ய வேண்டிவரும். ஆகவே ஆர்டர் கொடுத்த கையோடு ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து உட்காருங்கள்.

எந்த வரிசையிலிருந்து எடுப்பது

உள் நெட்வொர்க்குகளுக்கென்று 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் மூன்று தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 (சாய்கோட்டுக்குப் பின் வரும் எண் சிறிதாக இருந்தால் தொகுதி பெரிது). மூன்றில் எதை எடுத்தாலும் விதிப்படி சரிதான். ஆனால் 192.168.0.x, 192.168.1.x இரண்டையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். வீட்டு ரௌட்டர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றோடுதான் வருகின்றன. ஜியோஃபைபர் ரௌட்டர் என்றால் 192.168.29.x. உங்கள் அலுவலக ஸ்டோரேஜ் 192.168.1.20 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் வீட்டிலிருந்து விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) போடுகிறார், அவர் வீட்டு வைஃபையும் 192.168.1.x. இப்போது அவருடைய லேப்டாப் 192.168.1.20 என்பதைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடும், பாக்கெட் விபிஎன் சுரங்கத்துக்குள் நுழையவே நுழையாது. விபிஎன் கனெக்ட் ஆகியிருக்கிறது, ஆனால் டிரைவ் மட்டும் திறக்கவில்லை என்று ஃபோன் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

172 தொகுதியில் வேறொரு பொறி இருக்கிறது. இன்றைய நாஸ் பெட்டிகளில் பலர் டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் மென்பொருள்) ஓட்டுகிறார்கள். டாக்கர் தன் உள் பாலத்துக்கு (அந்தப் பொட்டலங்களை இணைக்கும் உள் நெட்வொர்க்குக்கு) வழக்கமாக 172.17.0.0/16 எடுத்துக்கொள்ளும், புதிதாக நெட்வொர்க் உருவாக்க உருவாக்க 172.18, 172.19 என்று மேலே ஏறிக்கொண்டே போகும். உங்கள் கிளை அலுவலகம் 172.18.x.x என்று இருந்தால், அங்கிருந்து வரும் கேள்விக்கான பதிலை நாஸ் தனக்குள் இருக்கும் டாக்கர் பாலத்தில் போட்டுவிடும். கிளைக்காரர்களுக்கு மட்டும் எதுவும் வராது, மற்ற எல்லாருக்கும் நன்றாக வேலை செய்யும். இதைக் கண்டுபிடிக்கிறவரை ஸ்விட்ச், கேபிள், ஃபயர்வால் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் போகும்.

அதனால் என் தேர்வு எப்போதும் 10 தொகுதிதான், அதிலும் 10.0.0.x, 10.1.1.x மாதிரி எல்லாரும் எடுக்கும் எண்களை விட்டு ஒரு நடுவாந்திர எண். இந்தக் கட்டுரைக்கு 10.24 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கிளை இருந்தால் அதற்கு 10.25. மூன்றாவது எண்ணும் வீலேன் (ஒரே ஸ்விட்சிலேயே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும்: வீலேன் 10 மேனேஜ்மென்ட் என்றால் 10.24.10.0/24, வீலேன் 20 ஊழியர்கள் என்றால் 10.24.20.0/24, வீலேன் 30 சர்வர்களும் ஃபைல் சேவையும், 40உம் 41உம் ஐஸ்கசிக்கு (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கையே சர்வருக்குக் கொடுக்கும் முறை). முகவரியைப் பார்த்த உடனே எந்த வீலேன் என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே 192.168.1.x-இல் நாற்பது கணினி ஓடிக்கொண்டிருக்கிறதே என்றால், ஸ்டோரேஜுக்காக எல்லாவற்றையும் கலைக்கத்தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்றைக்காவது மாற்றத்தான் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால் அதை ஸ்டோரேஜ் வருவதற்கு முன் செய்யுங்கள், வந்த பிறகு அதே வேலை பல மடங்காகிவிடும். மாற்றவே போவதில்லை என்றால் குறைந்தபட்சம் டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) பகுதியை .100 முதல் .199 வரை என்று சுருக்கி, .2 முதல் .49 வரை சர்வர், ஸ்டோரேஜ், ஸ்விட்ச்களுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை முகவரி வேண்டும்

பெட்டி ஒன்று, அதனால் முகவரியும் ஒன்று என்று நினைப்பதுதான் பொதுவான தடுமாற்றம். வேலை வாரியாக எண்ணுங்கள். நிர்வாகப் பக்கத்துக்கு ஒன்று, ஃபைல் சேவைக்கு ஒன்று, ஐஸ்கசி இருந்தால் குறைந்தது இரண்டு, மதர்போர்டில் பிஎம்சி இருந்தால் அதற்கு ஒன்று.

பிஎம்சி என்பது பெட்டி அணைந்திருந்தாலும் விழித்திருக்கும் சின்னக் கணினி. தூரத்திலிருந்தே பவர் போட, கன்சோல் பார்க்க உதவும், அதனாலேயே அது மேனேஜ்மென்ட் வீலேனுக்கு வெளியே போகவே கூடாது. சில மதர்போர்டுகளில் தனி மேனேஜ்மென்ட் போர்ட்டில் கேபிள் இல்லாவிட்டால் பிஎம்சி தானாகவே முதல் டேட்டா போர்ட்டில் ஏறிக்கொள்ளும், பிறகு ஊழியர் வீலேனில் டிஎச்சிபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "அந்த போர்ட்டை நாங்க யூஸ் பண்ணலை" என்று விட்டுவிடாமல், பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு ஒரு முகவரி ஒதுக்கி, கேபிள் போட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் கணினிப் பகுதி) உள்ள ஸ்டோரேஜ் என்றால் எண்ணிக்கை சட்டென்று ஏறும். ஒரு மாதிரிக் கணக்கு:

கன்ட்ரோலர் ஒவ்வொன்றின் நிர்வாக முகவரி: 2
எந்தக் கன்ட்ரோலர் உயிரோடு இருந்தாலும் பதில் சொல்லும் பொது நிர்வாக முகவரி: 1
பிஎம்சி: 2
ஃபைல் சேவை, கன்ட்ரோலருக்கு ஒன்று: 2
ஐஸ்கசி, கன்ட்ரோலருக்கு இரண்டு: 4
இன்னொரு இடத்துக்கு நகல் அனுப்ப: 2

ஆக 13. நெட்ஆப் கம்பெனிப் பெட்டியின் இரண்டு நோடு (கன்ட்ரோலர்) அமைப்பு ஏறக்குறைய இந்த உருவத்தில்தான் வரும். அதில் கிளஸ்டருக்குள் ஒன்றோடொன்று பேசும் போர்ட்களுக்கு 169.254 வரிசையில் அதுவே முகவரி போட்டுக்கொள்ளும், நீங்கள் ஒதுக்கத் தேவையில்லை. அதன் நகலெடுக்கும் வசதியான ஸ்னாப்மிரர் வைத்து நகல் அனுப்பப் போகிறீர்கள் என்றால் மட்டும் நோடு ஒன்றுக்கு ஒரு இன்டர்கிளஸ்டர் முகவரி (மறு இடத்துப் பெட்டியோடு பேச) கட்டாயம். ட்ரூநாஸ் என்ற ஸ்டோரேஜ் மென்பொருளின் இரட்டைக் கன்ட்ரோலர் அமைப்பில் சப்நெட் (முகவரித் தொகுதியின் ஒரு துண்டு) ஒவ்வொன்றுக்கும் மூன்று முகவரி: கன்ட்ரோலருக்கு ஒவ்வொன்று, இரண்டுக்கும் பொதுவான விர்ச்சுவல் முகவரி ஒன்று. நோடு நோடாக வளரும் ஐசிலான் வகையில் கதை இன்னும் நீளம். அதில் டைனமிக் முறையில் முகவரிகள் நோடுகளுக்கிடையே நகரும். ஒரு நோடு விழுந்தால் அதன் சுமை மற்றவற்றுக்குச் சமமாகப் பிரிய வேண்டும் என்பதால், நோடு எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கிய அளவு முகவரி வைப்பது வழக்கம், நான்கு நோடுக்கு 12. நாளை ஐந்தாவது நோடு வாங்கினால் 20 வேண்டும், அதற்குத் தொடர்ச்சியாக இடம் விட்டு வைக்க வேண்டும்.

இதனால்தான் சப்நெட்டைக் கஞ்சத்தனமாக வெட்டாதீர்கள் என்கிறேன். ஐஸ்கசிக்குப் பத்து முகவரி போதும், /28 போட்டால் 14 கிடைக்குமே என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. உள் முகவரிக்கு யாரும் காசு கேட்பதில்லை. /24 போடுங்கள், 254 கிடைக்கும், விரிவாக்கத்தின்போது மாஸ்க்கை (சப்நெட்டின் அளவைச் சொல்லும் எண்ணை) மாற்ற ராத்திரி முழிக்க வேண்டாம்.

நான்கு போர்ட் இருப்பதால் நான்கு மடங்கு வேகமா?

பின்னால் நான்கு போர்ட் இருக்கிறது, நான்குக்கும் 10.24.30.21, 22, 23, 24 என்று கொடுத்தால் நான்கு மடங்கு வேகம் வரும் என்ற நம்பிக்கை ரொம்பப் பரவலானது. லினக்ஸ் அடிப்படையிலான பெட்டிகளில் ஒரே சப்நெட்டில் இரண்டு போர்ட் இருந்தால், எந்த முகவரிக்கு ஏஆர்பி கேள்வி ('இந்த ஐபி யாருடையது' என்ற கேள்வி) வந்தாலும் எந்த போர்ட் வேண்டுமானாலும் பதில் சொல்லும், வெளியே போகும் டிராஃபிக் ரௌட்டிங் டேபிளில் முதலில் இருக்கும் போர்ட் வழியாகவே போகும். விளைவு, ஒரு போர்ட் மூச்சுத் திணறும், மற்ற மூன்றும் சும்மா இருக்கும், ஒரு கேபிளைப் பிடுங்கினால் சம்பந்தமே இல்லாத முகவரி செத்துப்போகும். ட்ரூநாஸ் இந்த அமைப்பை ஆதரிப்பதே இல்லை.

ஒரே சப்நெட்டில் பல போர்ட் வேண்டும் என்றால் அவற்றைச் சேர்த்து ஒரு எல்ஏசிபி கட்டாக்கி ஒரே முகவரி கொடுங்கள். ஸ்விட்சிலும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். அப்போதும் ஒரு கணினிக்கு ஒரு கேபிளின் வேகம்தான் கிடைக்கும், பல கணினிகள் ஒரே நேரத்தில் வரும்போதுதான் பலன் தெரியும். ஐஸ்கசிக்கு எல்ஏசிபி வேண்டாம், அங்கே மல்டிபாத் (பல வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறை) இருக்கிறது: முதல் போர்ட் 10.24.40.21, இரண்டாவது 10.24.41.21, இரண்டும் வேறு வேறு வீலேன், முடிந்தால் வேறு வேறு ஸ்விட்ச். கடைசி எண் ஒன்றாகவே இருக்கட்டும், கோளாறு பார்க்கும்போது கண் தடுமாறாது. விஎம்வேரில் இப்படி இரண்டு சப்நெட்டாகப் பிரித்தால் போர்ட் பைண்டிங் (ஐஸ்கசியைக் குறிப்பிட்ட போர்ட்களோடு கட்டுவது) போடக்கூடாது, அது எல்லாம் ஒரே சப்நெட்டில் இருக்கும் அமைப்புக்கு மட்டும்.

டீஃபால்ட் கேட்வே (வேறு சப்நெட்டுக்குப் போகும் வழி) பெட்டிக்கு ஒன்றே ஒன்று. ஐஸ்கசி வீலேன்களுக்குக் கேட்வேயே வேண்டாம். அந்த டிராஃபிக் ரௌட்டர் பக்கம் போகவே கூடாது என்பதால் ரௌட்டரில் அந்த வீலேனுக்கு முகவரியே கொடுக்காமல் விடுவதுதான் பாதுகாப்பு. கிளைக்கு நகல் அனுப்பும் போர்ட்டுக்கு வேறு வழி வேண்டுமென்றால் அந்த 10.25 தொகுதிக்கு மட்டும் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழி). மாஸ்க்கை இரண்டு முறை பாருங்கள். 255.255.255.0 என்பதற்குப் பதில் 255.255.0.0 என்று விழுந்துவிட்டால் பெட்டி 10.24.20.x-இல் இருக்கும் ஊழியர்களையும் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து ஏஆர்பியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், கேட்வேயிடம் கொடுக்காது. அதே வீலேனில் உட்கார்ந்து சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், மற்றவர்களுக்கு மட்டும் பெட்டியே இருக்காது.

காலி முகவரியைக் கண்டுபிடிப்பது

பிங் செய்து பதில் வரவில்லை, எனவே காலி என்று முடிவு கட்டாதீர்கள். பல கணினிகளின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாது. அதே சப்நெட்டில் இருந்து பிங் செய்துவிட்டு உடனே ஏஆர்பி டேபிளைப் பாருங்கள், பிங்குக்கு வாய் திறக்காத சாதனமும் ஏஆர்பிக்குப் பதில் சொல்லியிருக்கும், அந்த முகவரிக்கு எதிரே மேக் எண் (சாதனத்தின் வன்பொருள் எண்) இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் போதாது, ஏனென்றால் அணைந்திருக்கும் சாதனங்கள் எதிலும் வராது. விரல் ரேகை வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின், சிசிடிவி டிவிஆர், பழைய பிரிண்டர், இவற்றுக்கெல்லாம் எப்போதோ வந்த சர்வீஸ்காரர் கையால் ஒரு ஸ்டாட்டிக் முகவரி போட்டுவிட்டுப் போயிருப்பார், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஒருமுறை அலுவலகத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றின் மெனுவிலும் பார்த்து ஷீட்டில் ஏற்றுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

முகவரியைப் பெட்டியில் ஸ்டாட்டிக்காகப் போடுங்கள், அதை டிஎச்சிபி வரிசைக்கு வெளியேயும் வையுங்கள். இரண்டும் வேண்டும். டிஎச்சிபி ரிசர்வேஷன் (எப்போதும் அதே முகவரியைக் கொடுக்கச் சொல்வது) மட்டும் போதுமே என்பவர்கள் மின்சாரம் போய்த் திரும்பும் நேரத்தை யோசிக்க வேண்டும். எல்லாம் ஒரே நொடியில் எழும், ரௌட்டர் தயாராகும் முன் நாஸ் முகவரி கேட்டுவிட்டால் பதில் கிடைக்காமல் 169.254 வரிசையில் தானே ஒன்றைப் போட்டுக்கொள்ளும். டிஎச்சிபி சர்வரே ஒரு விர்ச்சுவல் மெஷினாக அந்த ஸ்டோரேஜின் மேல் ஓடுகிறது என்றால் கேட்கவே வேண்டாம், முகவரி வராமல் ஸ்டோரேஜ் எழாது, ஸ்டோரேஜ் எழாமல் முகவரி வராது.

பெயர்

ஊழியர்களிடம் எண்ணைக் கொடுக்காதீர்கள், பெயரைக் கொடுங்கள். பெயரை எண்ணாக்கித் தரும் டிஎன்எஸ்ஸில் பெயரிலிருந்து முகவரிக்கும், முகவரியிலிருந்து பெயருக்கும் இரண்டு பதிவும் போடுங்கள். விண்டோஸ் பயனர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் சேர்ந்த பெட்டி என்றால் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெயரால் கூப்பிட்டால் விண்டோஸ் பாதுகாப்பான கெர்பரோஸ் முறை வழியாக அடையாளம் காட்டும், ஐபியால் கூப்பிட்டால் வழக்கமாகப் பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கிவிடும். பெட்டியின் டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 போடாமல் டொமைன் கன்ட்ரோலர்களின் (ஆக்டிவ் டைரக்டரி சர்வர்களின்) முகவரியைப் போடுங்கள், நேரம் காட்டும் என்டிபி சர்வரையும் இப்போதே ஷீட்டில் எழுதுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் கடிகாரம் விலகினால் கெர்பரோஸ் கதவை மூடிவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, விர்ச்சுவல் ஹோஸ்ட்கள் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் சர்வர்கள்) ஸ்டோரேஜை இணைக்கும் இடம். உங்கள் டிஎன்எஸ் சர்வர் அந்த ஸ்டோரேஜின் மேல்தான் விர்ச்சுவலாக ஓடுகிறது என்றால் அங்கே பெயர் போடாதீர்கள், எண்ணைப் போடுங்கள். முழு மின்தடைக்குப் பிறகு ஹோஸ்ட் எழும்போது பெயரை எண்ணாக்கித் தர ஆளே இருக்காது.

என்எஃப்எஸ் பயன்படுத்துபவர்கள் ஸ்டோரேஜின் முகவரியோடு நிற்காமல், அதைத் தேடி வரும் ஹோஸ்ட்களின் முகவரியையும் சேர்த்து அடுக்க வேண்டும். யாருக்கு அனுமதி என்பதை என்எஃப்எஸ் பெரும்பாலும் ஐபியை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஹோஸ்ட்கள் .7, .33, .90 என்று சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும், சலிப்பு வந்து கடைசியில் யாராவது முழு /24-க்கும் திறந்துவிடுவார்கள். அவற்றை 10.24.30.16 முதல் 23 வரை ஒன்றாக வைத்தால் 10.24.30.16/29 என்ற ஒரே வரியில் எட்டு முகவரியும் அடங்கிவிடும், புது ஹோஸ்ட் வந்தாலும் விதியைத் தொட வேண்டாம்.

ஷீட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் போர்ட் பெயர், மேக் எண், எந்த ஸ்விட்சில் எத்தனையாவது போர்ட், வீலேன், ஐபி, மாஸ்க், கேட்வே உண்டா இல்லையா, எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு), டிஎன்எஸ் பெயர், எதற்காக. எம்டியு பத்தியை விட்டுவிடாதீர்கள். ஐஸ்கசியில் 9000 வைக்கப் போகிறீர்கள் என்றால் ஹோஸ்ட், ஸ்விட்ச், ஸ்டோரேஜ் மூன்றிலும் வைக்க வேண்டும். இந்த ஷீட்டை அச்சிட்டு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நாஸிலேயே சேமித்து வைத்தால் நாஸ் விழுந்த அன்று அதைப் படிக்க முடியாது.

வெளியிலிருந்து வேண்டும் என்று சொல்பவர்களுக்காக ரௌட்டரில் போர்ட் திறந்து விடாதீர்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்தில் நேராகத் தெரிந்த கியூநாப் கம்பெனி நாஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்துக் கோப்புகளைப் பூட்டியது. விபிஎன் போடுங்கள். உங்கள் ரௌட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் இணைய நிறுவனம் பலருக்கும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தருகிறது என்று பொருள், போர்ட் திறந்தாலும் அது வேலை செய்யாது. ஐபிவி6 தனிக் கதை. அதில் நாஸுக்கே நேரடிப் பொது முகவரி கிடைத்துவிடலாம் என்பதால், தேவையில்லை என்றால் பெட்டியில் அணைத்துவிடுங்கள், தேவை என்றால் ரௌட்டரின் ஐபிவி6 ஃபயர்வால் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள்.

பெட்டி வந்த அன்று

முதல்முறை எழும்போது பெரும்பாலான சிறிய பெட்டிகள் டிஎச்சிபி கேட்கும். அதனால் லேப்டாப்பையும் பெட்டியையும் ஒரே வீலேனில் வைத்துத் தயாரிப்பாளரின் தேடல் செயலியால் கண்டுபிடித்து, மற்ற எதையும் தொடும் முன் ஷீட்டில் உள்ள முகவரியைப் போடுங்கள். சேவ் அழுத்தியதும் பக்கம் தொங்கி நிற்கும், அது இயல்புதான், புது முகவரியை அடித்துப் போங்கள். ஷேர் உருவாக்குவது, டொமைனில் சேர்ப்பது எல்லாம் இதற்கு அப்புறம்.

பிறகு சோதனை. ஒவ்வொரு வீலேனிலிருந்தும் பெயரால் பிங். ஐஸ்கசி ஹோஸ்டிலிருந்து, பாக்கெட்டை உடைக்கக்கூடாது என்ற ஆப்ஷனோடு 8972 பைட் பிங். 9000-இல் தலைப்புகளுக்கு 28 போக மிச்சம் அதுதான், அது போய்த் திரும்பினால் எம்டியு வழி நெடுக சரி. அடுத்து ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்ய விட்டுவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகுங்கள். இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் ஒன்றை வேண்டுமென்றே ரீஸ்டார்ட் செய்து, பொது முகவரி மறுபக்கம் போகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஸ்டோரேஜ், ஹோஸ்ட், ஸ்விட்ச், ரௌட்டர் எல்லாவற்றையும் முறையாக அணைத்து, மின்சாரம் திரும்பியது போல ஒரே நேரத்தில் போடுங்கள், யாரும் கை வைக்காமல் எல்லா டிரைவும் டேட்டாஸ்டோரும் தானாக வருகிறதா என்று பார்த்த பிறகு முதல் கோப்பை ஏற்றுங்கள்.